அடைக்கு வந்த சிறுவிடைக் கோழி: கூடையில் கலந்து கிடக்கும் முட்டைகளை என்ன செய்வது?

மேலூர்க்காரி எழுதியது:

வணக்கம். எங்கள் கொல்லையில் ஒரு சேவல், நான்கு பெட்டை, எல்லாம் சிறுவிடை என்னும் சின்ன உடம்பு நாட்டுக்கோழி. அதில் கருப்புப் பெட்டை ஒன்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டுக் கூடையை விட்டு எழுந்திருக்காமல் படுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு குர்ர்ரென்று கத்துகிறது, கையை நீட்டினால் கொத்துகிறது. அடைக்கு வந்துவிட்டது என்று தெரிகிறது. இதுவரை முட்டையை எடுத்துச் சமைத்துத்தான் பழக்கம், குஞ்சு பொரிக்க வைப்பது இதுதான் முதல் தடவை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் பெரியவர்களும் இல்லை.

சிக்கல் என்னவென்றால் நான்கு கோழிகளும் முட்டையிடுவது அந்த ஒரே கூடையில்தான். மற்ற மூன்றும் தினமும் வந்து இதைத் தள்ளிவிட்டோ முதுகில் ஏறி நின்றோ அங்கேயே முட்டையிட்டுப் போகின்றன. இப்போது உள்ளே பதினான்கு முட்டை இருக்கிறது, எது எந்த நாள் முட்டை என்று தெரியவில்லை. இதற்கிடையில் ஒன்று உடைந்து மற்றவற்றின் மேல் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது.

கோழியை வேறு இடத்துக்கு மாற்றலாமா? மாற்றினால் அடையை விட்டுவிடும் என்கிறார்கள். ஃப்ரிட்ஜில் நம் வீட்டு முட்டை கொஞ்சம் இருக்கிறது, அதை வைக்கலாமா? சேவல் இருந்தாலும் எல்லா முட்டையிலும் கரு இருக்குமா, எப்படிப் பார்ப்பது? இது மே மாதம், கூடை இருக்கும் இடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மதியம் அனலாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா அமாவாசை கழித்து வை, கூடையில் ஆணியும் கரித்துண்டும் வரமிளகாயும் போடு, இல்லாவிட்டால் இடி இடித்தால் கரு கலைந்துவிடும் என்கிறார். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள், கோழி பாட்டுக்கு அங்கே தவம் கிடக்கிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

காளையார்கோவில் அக்கா எழுதியது:

தங்கச்சி, கோழி நல்ல கோழி, கவலைப்படாதே. சிறுவிடை மாதிரி அடை உட்காரும் கோழி வேறு கிடையாது. ஆனால் இப்போது கூடையில் இருக்கும் அந்தப் பதினான்கை நம்பி உட்கார வைக்காதே.

ஏன் என்று சொல்கிறேன். கோழி ஒரு நாளைக்கு ஒரு முட்டை, நடுவில் ஒரு நாள் விட்டு இன்னொன்று என்று இட்டு வைத்துவிட்டுப் போய்விடும். அதுவரை கரு தூங்குகிற மாதிரி அப்படியே இருக்கும், வளராது. போதுமான முட்டை சேர்ந்து, கோழி இரவும் பகலும் உட்கார்ந்து உடம்புச் சூடு ஏறிய பிறகுதான் எல்லாம் ஒன்றாக வளர ஆரம்பிக்கும். அதனால்தான் பத்து நாள் வித்தியாசத்தில் இட்ட முட்டைகள்கூட ஒரே நாளில் பொரிக்கின்றன. உன் கூடையில் நடப்பது வேறு. அது உட்கார்ந்த பிறகும் மற்ற கோழிகள் புது முட்டை சேர்த்துக்கொண்டே இருக்கின்றன. முதல் முட்டை பொரிக்கும்போது கடைசி முட்டைக்கு இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும். குஞ்சு வெளியே வந்து ஒன்றரை, இரண்டு நாளில் தாய்க்கோழி குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயக் கிளம்பிவிடும், மிச்சம் இருக்கும் முட்டை முக்கால் வளர்ச்சியில் குளிர்ந்து செத்துப்போகும். அந்த முட்டையை உடைத்துப் பார்த்தால் இறகு முளைத்த குஞ்சு உள்ளே கிடக்கும், மனசே கேட்காது. எனவே எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும், வைத்த பிறகு வேறு கோழி உள்ளே வரக்கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்.

இடம் மாற்றத்தான் வேண்டும். பகலில் மாற்றாதே, பழைய இடத்துக்கே ஓடிவிடும். நன்றாக இருட்டிய பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத, வெயில் அடிக்காத ஓர் அறையிலோ தாழ்வாரத்திலோ புதுக் கூடையைத் தயாராக வைத்துக்கொள். கோழியைத் தூக்கும் முன் இரண்டு இறக்கைக்கு அடியிலும் விரலை விட்டுப் பார், முட்டையை இடுக்கிக்கொண்டு இருக்கும், அப்படியே தூக்கினால் விழுந்து உடையும். மெதுவாகத் தூக்கி, முகத்தைத் துணியால் மூடினாற்போல் கொண்டு போய்ப் புதுக் கூடையில் பழைய முட்டை இரண்டை வைத்து அதன் மேல் உட்கார வை, மேலே பஞ்சாரத்தை, அதுதான் கோழியை மூடிவைக்கும் பெரிய கூடையை, கவிழ்த்துவிடு. மறுநாள் பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தால் இடம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எழுந்து நின்று கத்திக்கொண்டே சுற்றினால் இன்னொரு நாள் பொறுத்துப் பார். அதற்கும் படியவில்லை என்றால் அந்தக் கோழிக்கு அடை இன்னும் முற்றவில்லை, விட்டுவிடு. படிந்துவிட்டால் அன்று இரவு பழைய முட்டையை எடுத்துவிட்டு நல்ல முட்டைகளை ஒன்றாக வைத்துவிடலாம்.

கூடைக்கு மூங்கில் கூடையோ அகலமான பழைய மண்சட்டியோ நல்லது, பிளாஸ்டிக் டப் வெயில் காலத்தில் வேண்டாம். அடியில் மூன்று விரல்கடை அளவு ஆற்று மணல் போட்டு, முழங்கையால் அழுத்தி நடுவில் லேசாகக் குழி செய். குழி ஆழமாக இருந்தால் முட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏறும், குழியே இல்லாவிட்டால் ஓரத்துக்கு உருண்டு போகும். அதன் மேல் கொஞ்சம் அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலை, பிறகு நறுக்கிய வைக்கோல். அவ்வளவுதான் மெத்தை.

எத்தனை வைப்பது என்று கேட்பாய். சிறுவிடை உடம்பு சின்னது, பத்து, மிஞ்சினால் பன்னிரண்டு. கோழி உட்கார்ந்த பிறகு நான்கு பக்கமும் பார், ஒரு முட்டைகூட இறகுக்கு வெளியே தெரியக்கூடாது. பேராசைப்பட்டு இரண்டு கூடுதலாக வைத்தால் அந்த இரண்டு மட்டும்தானே வீணாகும் என்று நினைக்காதே. கோழி அலகால் முட்டைகளை நாள் முழுக்க உருட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு முட்டையும் முறை வைத்துக் குளிரும், மொத்தப் பொரிப்பும் கெட்டுப்போகும்.

ஃப்ரிட்ஜ் முட்டையை விடு. அந்தக் குளிரில் கிடந்ததில் தப்பித்தவறி ஒன்றிரண்டு பொரிக்கலாம், ஆனால் கோழி மூன்று வாரம் பட்டினி கிடந்து உட்காருகிறது, அதற்கு நம்மால் முடிந்த நல்ல முட்டையைக் கொடுப்பதுதானே நியாயம். மற்ற மூன்று கோழியும் இட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, நாலைந்து நாளில் பத்து சேர்ந்துவிடும். ஏற்கெனவே ஓரிரு ஈற்று முட்டையிட்ட கோழியின் முட்டை நல்லது, புதிதாக முட்டைக்கு வந்த இளம் பெட்டையின் முதல் முட்டைகள் சின்னதாக இருக்கும், அது வேண்டாம்.

கொல்லைப்புறம் எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி, இடம் மாற்றுவதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. முதல் தடவை அடை உட்காரும் பெட்டை என்றால் இடம் மாறினால் பாதிக்குப் பாதி விட்டுவிடும். கோழி இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற மூன்றுக்கும் வேறு கூடை வைத்து, இதைச் சுற்றிக் கோழி வலையால் ஓர் அடைப்புப் போட்டுவிடலாம். மற்றவை இரண்டு நாள் கத்திவிட்டுப் புதுக் கூடையில் இட ஆரம்பித்துவிடும். புதுக் கூடையில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டு வைத்தால் சீக்கிரம் பழகும், முட்டை இருக்கும் இடத்தில்தான் கோழி முட்டையிடும்.

ஆனால் நீங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்று சொல்கிறீர்கள். அதனால் உங்களுக்கு நானும் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். மேலூர் மே மாத வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே கோழி வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கும், சூடு தாங்காமல் முட்டையை விட்டு எழுந்து நிற்கும். முட்டை கொஞ்ச நேரம் குளிர்ந்தால் கரு தாங்கும், சூடு ஏறினால் தாங்காது.

பாம்புக்கும் பெருச்சாளிக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் சாரைப்பாம்பு முட்டைக்கு வரும், கீரி கோழியையே இழுத்துப் போகும். இரவில் பஞ்சாரத்தின் மேல் கனமான கல் ஒன்று கட்டாயம்.

உடுமலை தென்னந்தோப்பு எழுதியது:

எங்கள் ஊரில் இதை அவயம் வைப்பது என்போம். கரு பார்ப்பது பற்றி யாரும் எழுதவில்லை, அதை நான் சொல்கிறேன்.

சேவல் உங்கள் வீட்டுக் கோழிகளோடு திரிகிறது என்றால், நான்கு பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம், எட்டு பத்துப் பெட்டை வரை ஒரு சேவல் பார்த்துக்கொள்ளும். சேவல் ஒரு முறை சேர்ந்தாலே கோழி அந்த விந்தைத் தன் உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் வரை கருமுட்டை இடும். அதனால் நடுவில் சேவலை விற்றுவிட்டவர்கள்கூடப் பத்து நாளுக்குள் கிடைக்கும் முட்டையை அவயம் வைக்கலாம். கடையில் வாங்கும் நாமக்கல் வெள்ளை முட்டை பொரிக்காததற்குக் காரணமும் இதுதான், அந்தப் பண்ணைகளில் கூண்டில் பெட்டைகள் மட்டும்தான், சேவலே கிடையாது. சும்மா சந்தேகத்துக்கு, சமையலுக்கு உடைக்கும்போது மஞ்சள் கருவின் மேல் பாருங்கள். வெள்ளைப் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் தெளிவாகத் தெரிந்தால் கருக்கூடிய முட்டை, ஒழுங்கில்லாத சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கூடாதது. நாலைந்து முட்டையில் பார்த்தால் உங்கள் சேவல் எப்படி என்று தெரிந்துவிடும்.

வைக்கப்போகும் முட்டையை உடைக்காமல் பார்க்க முடியாது, ஏழாம் நாள் வரை பொறுக்க வேண்டும். ஏழாம் நாள் இரவு, கோழி எழுந்திருக்காமலே அடியில் கைவிட்டு ஒன்றொன்றாக எடுத்துப் பாருங்கள். செல்போன் டார்ச் போதும், ஒரு அட்டையில் பழைய ஐம்பது பைசா அளவுக்கு ஓட்டை போட்டு அதன் மேல் முட்டையின் அகலமான பக்கத்தை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் சிதறாது. உயிருள்ள முட்டையில் நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து நாலாபக்கமும் ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரியும். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தால் அந்தப் புள்ளி லேசாக ஆடும். முதன்முறை பார்ப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், அப்படி ஒரு காட்சி. நரம்பே இல்லாமல் தெளிவாக, மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் கரு கூடவில்லை. நரம்பில்லாமல் ஒரே ஒரு ரத்த வளையம் மட்டும் சுற்றித் தெரிந்தால் வளர ஆரம்பித்துச் செத்தது. இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும். விட்டால் கூமுட்டையாகி அந்தச் சூட்டில் வெடிக்கும், வெடித்த முட்டையின் நாற்றமும் கிருமியும் மற்றவற்றையும் கெடுத்துவிடும். பதினான்காம் நாள் இன்னொரு தடவை பார்த்தால் அகலப் பக்கத்துக் காற்றறை தவிர மற்றது எல்லாம் கருப்பாக இருக்கும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு டார்ச்சும் வேண்டாம், கையும் வேண்டாம்.

இந்த முறையிலேயே இப்போது கூடையில் இருக்கும் பதினான்கையும் பார்த்துவிடலாம் என்பது என் யோசனை. அக்கா ஒதுக்கச் சொல்கிறார், காரணம் சரிதான். ஆனால் அதில் நாலைந்து நாள் வளர்ந்த உயிர் இருக்கலாம். நரம்பு தெரியும் முட்டைகள் ஏழெட்டு, ஏறக்குறைய ஒரே அளவு வளர்ச்சியில் இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு, தெளிவாக இருப்பவற்றை எடுத்துவிட்டு அப்படியே தொடரலாம். ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, கலந்துகட்டி இருந்தால் அக்கா சொன்னதுதான் வழி.

சேகரிக்கும் முட்டைகளுக்கு இன்னொரு விஷயம். வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளேயே முப்பத்தைந்து டிகிரி இருக்கிறது, அந்தச் சூட்டில் கோழி உட்காராமலே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துவிடும், பிறகு நின்றுவிடும், அது பொரிக்காது. மே மாதத்தில் வைக்கும் முட்டை நிறைய கெடுவதற்கு இதுதான் பெரிய காரணம், பழி மட்டும் கோழி மேலும் சேவல் மேலும் விழும். அகலமான மண்பானையில் பாதி மணல் போட்டுத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி விரித்து, அதன் மேல் முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். துணியாலேயே மூடி நிழலில் வைத்தால் நல்ல குளிர்ச்சி. முட்டை மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள், பேனாவும் மார்க்கரும் வேண்டாம். வெயிலில் நாலைந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள், மார்கழி தை என்றால் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும்.

மேலூர்க்காரி எழுதியது:

அக்காவுக்கும் அண்ணன்மாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்றில் நரம்பு தெரிகிறது, அதிலும் ஒன்று நன்றாக வளர்ந்திருக்கிறது, மற்ற இரண்டும் நூல் மாதிரி மெல்லியதாக இருக்கின்றன. மீதி எல்லாம் தெளிவு. அதனால் புதிதாகவே வைக்கிறோம். கோழியை உள்தாழ்வாரத்துக்கு மாற்றியாயிற்று, மண்பானையில் முட்டை சேர்க்க ஆரம்பித்துவிட்டோம்.

ஒரு பயம் என்னவென்றால் கோழி சாப்பிடவே மாட்டேன் என்கிறது. காலையில் ஒரு தடவை எழுந்து நிறைய எச்சம் போட்டது, அந்த நாற்றம் தாங்க முடியவில்லை, நோயாக இருக்குமோ? தூக்கும்போது வயிற்றில் இறகில்லாமல் தோல் சிவந்து தெரிந்தது. இறகுக்குள் சின்னச் சின்னப் பூச்சியும் ஓடுகிறது, என் கையில்கூட ஏறியது. முட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் மஞ்சளைக் கழுவலாமா என்றும் சொல்லுங்கள், இனி உடைந்தால் தெரிய வேண்டும்.

மருந்தகத் தம்பி எழுதியது:

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த எச்சத்துக்குப் பயப்படாதீர்கள். அடைக்கோழி கூடையை அசுத்தம் செய்யாமல் நாள் முழுக்க அடக்கி வைத்து ஒரே தடவையில் பெரிதாகப் போடும், நாற்றம் அதிகமாகத்தான் இருக்கும். பச்சையாக அல்லது வெள்ளையாக நீர் மாதிரி கழிந்து, கழுத்தைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருந்தால்தான் நோய். இறகில்லாத வயிறும் இயல்புதான். முட்டைக்கு உடம்புச் சூடு நேராகப் படவேண்டும் என்பதற்காக அந்த இடத்து இறகு உதிர்ந்து தோலில் ரத்த ஓட்டம் கூடும். முட்டைக்கு வேண்டியது ஏறக்குறைய முப்பத்தேழரை டிகிரி, கோழியின் உடம்பு அதைவிடச் சூடானது, அது உட்காருவதும் எழுவதுமாக அந்த அளவைத் தானே சரிசெய்துகொள்ளும்.

தீனி குறைவதும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பதினைந்து இருபது நிமிடம் எழுந்து தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு வந்தால் போதும். அந்த நேரத்துக்குக் கம்பு, உடைத்த மக்காச்சோளம், சோளம் இப்படித் தானியமாகக் கொடுங்கள், மாவுத் தீவனத்தைவிட அது நல்லது, எச்சமும் கெட்டியாக இருக்கும். இரண்டு நாளாக எழவே இல்லை என்றால் நீங்களே தூக்கித் தீனிக்கு முன்னால் விட வேண்டும். சில கோழிகள் எழாமலே உட்கார்ந்து முட்டை மேலேயே செத்துப்போகும், அந்த அளவுக்குப் பிடிவாதம். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும், ஆனால் கூடையோடு ஒட்டி வேண்டாம், கொஞ்சமாவது நடக்க வேண்டும்.

பூச்சிதான் இதில் பெரிய விஷயம், அதை இப்போதே முடித்துவிடுங்கள். பேனும், செல் என்னும் ரத்தம் உறிஞ்சும் பொடிப்பூச்சியும் அடைக்கோழிக்குத்தான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அது மண்குளியல் குறைத்துவிட்டு ஒரே இடத்தில் சூடாக உட்கார்ந்திருக்கிறது. செல் அதிகமானால் ரத்தம் குறைந்து கோழி வெளுத்துப்போகும், அரிப்புத் தாங்காமல் பாதியில் அடையை விட்டு ஓடிவிடும். நன்றாகத்தான் உட்கார்ந்தது, திடீரென்று விட்டுவிட்டது என்று எங்களிடம் வந்து சொல்பவர்களின் கூடையைப் பார்த்தால் ஓரமெல்லாம் செல் மொய்த்துக் கிடக்கும். நல்ல முட்டையை வைக்கும் முன் பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூடையை வெந்நீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். தாழ்வாரத்தின் ஓரத்தில் மணலும் சலித்த சாம்பலும் கலந்து ஒரு பாத்திரத்தில் வையுங்கள், கோழி எழும்போது அதில் புரளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கோழிக்கான மருந்துத் தூள் எங்களிடமே கேட்டு, சொல்லும் அளவில் மட்டும் போடுங்கள், வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கோழி மேல் தெளித்துவிடாதீர்கள். வேப்பெண்ணெயைக் கோழி வயிற்றில் பூசுகிறவர்கள் உண்டு, அடை நேரத்தில் வேண்டாம், எண்ணெய் முட்டை ஓட்டில் படிந்து அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். உள்ளே இருக்கும் குஞ்சு அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

முட்டையைக் கழுவ வேண்டாம் என்பதற்கும் அந்தத் துளைகள்தான் காரணம். முட்டை மேல் ஒரு மெல்லிய பூச்சு உண்டு, அது கிருமியை உள்ளே விடாது, கழுவினால் போய்விடும். வைக்கும்போதே சுத்தமான முட்டையாகத் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஒன்று உடைந்தால் ஈரம் காயும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுத்துவிட்டு வைக்கோலை மாற்றுங்கள்.

அமாவாசைக்கும் பொரிப்புக்கும் சம்பந்தம் இல்லை. இடியால் கரு கலைவதும் இல்லை, இடி வரும் நாளில் மழையும் வரும், கூடை நனைந்து முட்டை குளிர்ந்தால் கெடும், அதைத்தான் பார்க்க வேண்டும். கரித்துண்டும் மிளகாயும் போடுவதால் கெடுதல் எதுவும் இல்லை, பக்கத்து வீட்டு அம்மாவின் மனது நோகாமல் போட்டுவிடுங்கள். ஆணியை மட்டும் கூடைக்கு வெளியே வையுங்கள், முட்டை உருளும்போது குத்தும்.

காளையார்கோவில் அக்கா எழுதியது:

தம்பி நல்ல விவரம். கடைசி மூன்று நாளைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் நிறையப் பேர் பொறுமை இழந்து கெடுக்கிறார்கள்.

எந்தக் கிழமை இரவு வைத்தாயோ, மூன்றாவது வாரம் அதே கிழமை, முன்பின் ஒரு நாள். இருபதாம் நாளே முட்டைக்குள் குஞ்சு கத்தும், தாய் பதிலுக்குத் தாழ்ந்த குரலில் கொக்கொக்கென்று பேசும். காதைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தால் கேட்கும். அதற்குப் பிறகு கோழி தீனிக்குக்கூட எழாது, தூக்காதே. முட்டையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விழும், அதிலிருந்து குஞ்சு வெளியே வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். ஓட்டை போட்டுவிட்டு அப்படியே இருக்கிறதே, செத்துவிட்டதோ என்று முட்டை ஓட்டை நீயே உரிக்காதே. அந்த நேரத்தில் குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு இருக்கும், ஓட்டின் உள்சவ்வில் இன்னும் ரத்தம் ஓடும். நாம் உரித்தால் ரத்தம் கசிந்து, தொப்புள் மூடாத குஞ்சு வெளியே வரும், பிழைக்காது. வெயில் காலத்தில் காற்று வறண்டு இருப்பதால் உள்சவ்வு காய்ந்து குஞ்சில் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பதினெட்டாம் நாளில் இருந்து கூடையைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளித்து, ஓரத்து மணலை மட்டும் ஈரமாக வை. முட்டை மேல் நேராகத் தெளிக்காதே. மற்றபடி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பொரித்த ஓட்டின் பாதி இன்னொரு முட்டை மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளும், அதைமட்டும் கையை மெதுவாக விட்டு எடுத்துவிடு.

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டாம். உள்ளே போன மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும், அந்த இரண்டு நாள்தான் மற்ற முட்டைகள் பொரிப்பதற்கான நேரம். முதலில் பொரித்ததற்குப் பசிக்குமே என்று தீனியைக் காட்டினால் தாய் எழுந்து வந்துவிடும், மீதி முட்டை போச்சு. எல்லாம் பொரித்த பிறகு தட்டில் தண்ணீர் வை, தட்டுக்குள் கூழாங்கல் போடு, இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து நனைந்து செத்துவிடும்.

மருந்தகத் தம்பி எழுதியது:

அதோடு தடுப்பு மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு நாள் கோழியைக் காத்துப் பொரித்த குஞ்சுகளை வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரே வாரத்தில் கொண்டுபோவதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போனவன் நான். ஐந்தாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள் லசோட்டா மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, குஞ்சு கண்ணைச் சிமிட்டி மருந்து உள்ளே போகும் வரை கையில் பிடித்திருக்க வேண்டும். எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. பல ஊர் மருந்தகங்களில் சனிக்கிழமை கோழிக்குத் தடுப்பூசி போடுகிறார்கள், உங்கள் ஊரில் எந்த நாள் என்று முன்பே கேட்டு வையுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுபோக வேண்டும், கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு மேல் போடலாம், அதனால் தெருவில் குஞ்சு வைத்திருக்கும் நாலு வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் நோய் இருந்தால் உங்கள் வீட்டுக்கு வர அதிக நேரம் ஆகாது. அடை உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இப்போது ஊசி வேண்டாம், குஞ்சு பிரிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கொல்லைப்புறம் எழுதியது:

குஞ்சுத் தீனிக்கு நொய் மட்டும் போட்டால் வளர்ச்சி நிற்கும், சத்து போதாது. முதல் மூன்று வாரம் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனம் கொஞ்சம், இடித்த கம்பு கொஞ்சம், கூடவே கரையான். பழைய பானையில் கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு, காய்ந்த மட்டை இவற்றை அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை முழுக்கக் கரையான் ஏறியிருக்கும். காலையிலேயே எடுத்துவிட வேண்டும், வெயில் ஏறினால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். பானையைக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு முன்னால் தட்டுங்கள். தாய் முதலில் ஒன்றை எடுத்துக் கீழே போட்டுப் போட்டுக் காட்டும், அதைப் பார்த்துக் குஞ்சுகள் கொத்தப் பழகும். பஞ்சாரத்தை இரண்டு வாரத்துக்கு எடுக்காதீர்கள், காகமும் வல்லூறும் அந்த வயதுக் குஞ்சைத்தான் தூக்கும்.

மேலூர்க்காரி எழுதியது:

குறித்துக்கொண்டேன். பானையில் எட்டு முட்டை சேர்ந்துவிட்டது, பத்து ஆனதும் வெள்ளிக்கிழமை இரவு வைக்கிறோம். கூடையை வெந்நீர் ஊற்றிக் காயவைத்தாயிற்று, சாம்பல் மணலில் கோழி இன்று காலை நன்றாகப் புரண்டது. மற்ற மூன்றும் புதுக் கூடைக்குப் பழகிவிட்டன. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எத்தனையில் நரம்பு தெரிகிறது என்று இங்கே எழுதுகிறேன்.